காரைக்கால் டூ சென்னை வொண்டர்லா: ஒரே நாளில் போய் வர முடியுமா? கிளம்பும் முன் போட வேண்டிய கணக்கு!

லீவு விட்டாச்சு. ரீல்ஸில் பார்த்த ரோலர் கோஸ்டரைக் காட்டி, "எப்பப்பா போறோம்?" என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். சென்னையில் இருப்பவர்களுக்கு இது காலையில் முடிவெடுத்து மதியத்துக்குள் போய்ச் சேர்கிற சமாச்சாரம். காரைக்காலில் இருப்பவர்களுக்கு அப்படி இல்லை.

சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு, ஒரு பக்கம் கடல், மற்ற எல்லாப் பக்கமும் தமிழ்நாடு. இதுதான் காரைக்கால் மாவட்டம். பெரிய ரைடுகளைப் பார்க்க வேண்டுமென்றால் சென்னைப் பக்கம்தான் வண்டியைக் கிளப்ப வேண்டும். "விடியக்காலை கிளம்பி ராத்திரிக்குள்ள வந்துடலாம்" என்று பல வீடுகளில் திட்டம் போடுகிறார்கள். போவதில் சிக்கல் இல்லை. திரும்பி வருவதில்தான் சிக்கலே.

எங்கே இருக்கிறது? எவ்வளவு தூரம்?

இப்போது அதிகம் பேசப்படுவது வொண்டர்லா. கொச்சி, பெங்களூரு, ஹைதராபாத், புவனேஸ்வரைத் தொடர்ந்து இந்நிறுவனத்தின் 5-வது பூங்கா 2025 டிசம்பரில் சென்னையை அடுத்த திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறக்கப்பட்டது. 60 ஏக்கருக்கும் அதிகமான பரப்பில் 40-க்கும் மேற்பட்ட ரைடுகள் உள்ளன. இதில் பெரிய ஈர்ப்பு, தலைக்கு மேலே தண்டவாளம் போக, கால்கள் அந்தரத்தில் தொங்க ஓடும் 'தஞ்சோரா' ரோலர் கோஸ்டர். பெயரைக் கேட்டதும் தஞ்சாவூர் ஞாபகம் வருகிறதல்லவா? டெல்டாவின் பெயரைச் சுமக்கும் ரைடில் ஏற டெல்டாக்காரர்கள் சுமார் 250 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது.

தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர், புதுச்சேரி, மரக்காணம், மாமல்லபுரம், திருப்போரூர். இதுதான் வழக்கமான பாதை. முட்டுக்காடு எம்ஜிஎம், ஈஞ்சம்பாக்கம் விஜிபி ஆகியவையும் இதே கிழக்குக் கடற்கரைச் சாலையில்தான். ஆனால் அவை மாமல்லபுரத்தைத் தாண்டி, சென்னையை நோக்கி இன்னும் உள்ளே இருக்கின்றன.

அந்த 22 மணி நேரம்

கார் என்றே வைத்துக்கொள்வோம். ஊர்களுக்குள் நெரிசல், டோல்கேட், டீ, டிபன் எல்லாம் சேர்த்தால் சராசரி வேகம் மணிக்கு 45 கிலோமீட்டரைத் தாண்டுவது கஷ்டம். அதாவது ஒரு வழிக்கு ஐந்தரை முதல் 6 மணி நேரம்.

அதிகாலை 4 மணிக்குக் கிளம்பினால் காலை 10 மணிக்குப் போய்ச் சேரலாம். இந்த வகைப் பூங்காக்கள் பெரும்பாலும் காலை 11 மணி வாக்கில் திறந்து மாலை 6 அல்லது 7 மணிக்கு மூடுகின்றன. மாலை ஆறரைக்கு வண்டியை எடுத்தால் நிற்காமல் வந்தாலும் வீடு சேர நள்ளிரவு 12.30. சாப்பிட நிறுத்தினால் ஒன்று, ஒன்றரை.

இப்போது வண்டி ஓட்டுபவரின் பக்கம் இருந்து பாருங்கள். 3 மணிக்கு எழுந்தவர் மறுநாள் ஒரு மணி வரை, 22 மணி நேரம் விழித்திருக்கிறார். இடையில் 7 மணி நேரம் வெயிலில் நின்று, தண்ணீரில் ஆடி, க்யூவில் காத்திருந்திருக்கிறார். பின் சீட்டில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். கடலூர் தாண்டி, எதிரே வரும் லாரிகளின் வெளிச்சம் கண்ணில் அடிக்க, அவர் மட்டும் விழித்திருக்க வேண்டும். அதுவும் பெரும்பாலும் அவர்தான் வீட்டின் அப்பா.

ரைடில் ஏறப் பயப்படும் குடும்பங்கள் இந்த 6 மணி நேரத்துக்குப் பயப்படுவதில்லை. உண்மையில் பயப்பட வேண்டியது இதற்குத்தான். தூக்கக் கலக்கத்தை டீயும் பாட்டும் விரட்டிவிடும் என்பது நம்பிக்கைதானே தவிர, மூளை ஓரிரு நொடிகள் தானாகவே அணைந்துவிடுவதை அவை தடுக்காது. 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடும் வண்டி, கண் சொக்கும் 3 நொடியில் 66 மீட்டர் போய்விடும்.

ஆகவே, ஒரே டிரைவரோடு, ஒரே நாளில், சொந்தக் காரில் போய் வருவது என்ற திட்டத்தைக் கைவிடுவது நல்லது. இரண்டு பேர் மாறி மாறி ஓட்டலாம். இல்லையென்றால் திரும்பும் வழியில் புதுச்சேரியில் உறவினர் வீட்டிலோ லாட்ஜிலோ ராத்தங்கலாம். இரண்டுக்கும் வழியில்லையா? ரயில் இருக்கிறது.

ரயிலில் போனால்?

காரைக்காலில் இருந்து சென்னைக்குப் போகும் கம்பன் எக்ஸ்பிரஸ் இரவு ரயில். முதல் நாள் ராத்திரி ஏறினால் தூங்கிக்கொண்டே போய், விடியற்காலையில் செங்கல்பட்டு அல்லது தாம்பரத்தில் இறங்கலாம். செங்கல்பட்டில் இருந்து திருப்போரூருக்குச் சாலை வழியில் சுமார் 25 கிலோமீட்டர்தான். மாலை பூங்காவை விட்டு வந்து, அதே தடத்தில் இரவு ரயில் பிடித்தால் மறுநாள் காலை காரைக்கால். இரண்டு ராத்திரி, ஒரு பகல். லாட்ஜ் செலவு இல்லை, ஓட்டுபவருக்குத் தூக்கம் கெடுவதும் இல்லை.

இதிலும் ஒரு கஷ்டம் உண்டு. விடிகாலையில் இறங்கினால் பூங்கா திறக்க இன்னும் 5, 6 மணி நேரம் இருக்கும். திருப்போரூர் கந்தசாமி கோயிலுக்குப் போய், அங்கேயே டிபனை முடித்துக்கொண்டால் பொழுது போய்விடும். பூங்காவில் பைகளை வைக்க லாக்கர் கிடைக்குமா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. 2024 நவம்பர் வரை இது 120 நாளாக இருந்தது. லீவு சமயத்தில் திறந்த அன்றே டிக்கெட் போடுவது நல்லது. காரைக்காலில் இடம் கிடைக்கவில்லை என்றால் சுமார் 40 கிலோமீட்டரில் மயிலாடுதுறை ஜங்ஷன். அங்கிருந்து சென்னைப் பக்கம் போகும் ரயில்கள் அதிகம். திரும்பும் ரயில் எங்கே கிளம்புகிறது, எந்த நிலையத்தில் நிற்கிறது என்பதை டிக்கெட் போடும்போதே பார்த்துவிடுங்கள்.

இரவுப் பேருந்தில் போவதாக இருந்தால் கண்டக்டரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "மாமல்லபுரத்துக்கு எத்தனை மணிக்குப் போகும்?" நள்ளிரவு 3 மணிக்குப் பைபாஸில் பிள்ளைகளோடு இறங்கி நிற்பது யாருக்கும் வேண்டாம்.

வேன் பிடிக்கிறீர்களா?

நான்கைந்து குடும்பம் சேர்ந்து வேன் பிடிப்பதுதான் இங்கே அதிகம். வழக்கமாக வாடகையை மட்டும்தான் பேசுவார்கள். பேச வேண்டியவை இன்னும் இரண்டு இருக்கின்றன.

முதலாவது, பெர்மிட். பிஒய்-02 என்று தொடங்கும் காரைக்கால் வண்டி நண்டலாறு செக்போஸ்டைத் தாண்டினாலே தமிழ்நாடு. கடலூர் தாண்டி மறுபடி புதுச்சேரி, அப்புறம் மீண்டும் தமிழ்நாடு. போகும்போதே மூன்று முறை எல்லை. எனவே வண்டிக்குச் சுற்றுலா பெர்மிட்டும் வரியும் நடப்பில் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். தெரிந்தவர் வண்டி, வாடகை குறைவு என்று வெள்ளை நம்பர் பிளேட் வண்டியில் காசு கொடுத்துப் போனால், நடுவழியில் பிடித்து நிறுத்துவதோடு முடியாது. விபத்து என்று வந்தால் சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு ஓட்டியதைக் காரணம் காட்டி இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரிக்கலாம்.

இரண்டாவது, டிரைவர். சட்டப்படி ஒரு டிரைவரின் வேலை நேரம் நாளைக்கு 8 மணி நேரம். இந்தப் பயணத்தில் ஸ்டியரிங் பிடிப்பதே 12 மணி நேரம். இன்னொரு டிரைவருக்கான பேட்டாவை வேனில் வருகிற 15, 20 பேர் பகிர்ந்துகொண்டால் பெரிய தொகையாக இருக்காது. ஒரே டிரைவர்தான் என்றால், பகலில் அவருக்குப் படுத்துத் தூங்க இடமும் நேரமும் கொடுங்கள். அவருக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்து "வாங்க அண்ணே, நீங்களும் ஆடுங்க" என்று உள்ளே கூட்டிப் போவது அன்புதான். ஆனால் அன்று ராத்திரி அவர்தான் வண்டி ஓட்ட வேண்டும்.

கூடவே ஒரு விஷயம். தமிழ்நாட்டைவிட காரைக்காலில் டீசல் விலை குறைவு என்பதால் கிளம்பும்போதே டேங்கை நிரப்பிக்கொள்வது லாபம். அதே காரணத்துக்காக வேறு 'சரக்கையும்' ஏற்றிக்கொண்டு கிளம்பினால் நண்டலாற்றிலேயே டூர் முடிந்துவிடும். புதுச்சேரி மதுவைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுபோவது குற்றம். வண்டியையே பறிமுதல் செய்வார்கள்.

காரைக்காலுக்கு மட்டும் கிடைக்கும் நாட்கள்

இங்கேதான் காரைக்கால்காரர்களுக்கு ஒரு லக் இருக்கிறது. ஆகஸ்ட் 16 புதுச்சேரியின் சட்டப்பூர்வ பரிமாற்ற நாள். நவம்பர் 1 விடுதலை நாள். 1954-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியதையும், 1962-ல் அது சட்டப்படி முழுமையானதையும் குறிக்கும் இந்த இரண்டு நாட்களும் புதுச்சேரி யூனியன் பிரதேசத்தில் அரசு விடுமுறை. தமிழ்நாட்டில் அல்ல. இவை வார நாளில் வந்தால், சென்னைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள், பூங்காவில் க்யூ குறையும். ஆனி மாதம் காரைக்கால் அம்மையார் மாங்கனித் திருவிழாவுக்கு விடும் உள்ளூர் விடுமுறையும் அப்படித்தான். மாங்கனி இறைப்பதை விட்டுவிட்டு யார் ஊரைத் தாண்டுவார்கள் என்பது வேறு விஷயம்.

வார நாட்களைவிட வார இறுதியிலும் பண்டிகை நாட்களிலும் டிக்கெட் விலையும் கூடுதல். நவம்பர் 1-ஐத் தேர்ந்தெடுப்பவர்கள் வடகிழக்குப் பருவமழையையும் கணக்கில் வைக்க வேண்டும். மழை, இடி, பலத்த காற்று என்றால் உயரமான ரைடுகளை நிறுத்திவிடுவார்கள். டிக்கெட்டை வேறு தேதிக்கு மாற்ற முடியுமா என்பதை ஆன்லைனில் பணம் கட்டும் முன்பே படித்துவிடுங்கள்.

உயரம் அளந்தாச்சா?

வொண்டர்லா திறந்தபோது பெரியவர்களுக்கான டிக்கெட் சுமார் 1,500 ரூபாய் அளவில் இருந்தது. 4 பேர் குடும்பத்துக்கு நுழைவுக்கு மட்டும் 5,000 ரூபாய்க்கு மேல். வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை என்பதால் மதியச் சாப்பாட்டுச் செலவு தனி. காட்டன் துணியோடு தண்ணீர் ரைடுகளில் விடமாட்டார்கள், நைலான் உடை வேண்டும். புளியோதரைப் பொட்டலத்தை வழியிலேயே காலி செய்துவிட்டு, நைலான் டிரஸ்ஸை வீட்டிலிருந்தே எடுத்துப் போனால் இரண்டு செலவு மிச்சம்.

குழந்தை டிக்கெட்டா, பெரியவர் டிக்கெட்டா என்பதை அங்கே வயது முடிவு செய்வதில்லை, உயரம்தான் முடிவு செய்கிறது. 85 சென்டிமீட்டருக்குக் கீழ் இருந்தால் இலவசம். பெரிய ரைடுகளுக்கும் குறைந்தபட்ச உயரம் உண்டு. ரைடைப் பொறுத்து அது மாறும், பலவற்றில் 140 சென்டிமீட்டர் வரை கேட்பார்கள். வழக்கமாக 7, 8 வயதுப் பிள்ளை அந்த உயரத்தைத் தொட்டிருக்காது. ரீல்ஸில் பார்த்த ரைடுக்காக 250 கிலோமீட்டர் வந்து, வாசலில் அளவுகோல் பக்கத்தில் நின்று அழும் பிள்ளையைச் சமாளிப்பதைவிட, வீட்டுச் சுவரில் ஒரு கோடு போட்டு முன்பே அளந்துவிடலாம்.

ரைடுகள் பாதுகாப்பானவையா?

2016 மே மாதம் தாம்பரம் அருகே கிஷ்கிந்தா பூங்காவில் சோதனை ஓட்டத்தின்போது ரைடு சரிந்து ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். 2025 மே மாதம் ஈஞ்சம்பாக்கம் விஜிபியில் ரைடு ஒன்று பாதியில் நின்றுபோய், 30-க்கும் மேற்பட்டவர்கள் உயரத்தில் மணிக்கணக்கில் தவித்தனர். தீயணைப்புத் துறையினர் ராட்சத கிரேன் ஏணி கொண்டு அவர்களை மீட்டனர்.

பயணிகள் கையில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் அது முக்கியம். கம்பித் தடுப்பு உடம்போடு பொருந்தி, 'க்ளிக்' என்று பூட்டியதா என்று கையால் இழுத்துப் பாருங்கள். சந்தேகம் என்றால் வெட்கப்படாமல் கையைத் தூக்கி ஊழியரைக் கூப்பிடுங்கள். தலைமுடி, துப்பட்டா, கழுத்துச் சங்கிலி தொங்கக் கூடாது. கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், முதுகில் ஆபரேஷன் செய்தவர்கள் வேகமான ரைடுகளைத் தவிர்க்க வேண்டும். ரைடு நடுவில் நின்றுவிட்டால் பெல்ட்டைக் கழற்றி இறங்க முயலாமல், மீட்புக்குழு வரும் வரை அப்படியே உட்கார்ந்திருப்பதுதான் பாதுகாப்பு.

பிள்ளைக்கு 5 வயசுதான் என்றால்?

அப்போது சென்னை வரை போகவே தேவையில்லை. பிச்சாவரத்தில் சுரபுன்னைக் காட்டுக்குள் படகுச் சவாரி, தரங்கம்பாடியில் 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, மாலையில் அரசலாறு கடலில் சேரும் காரைக்கால் கடற்கரை. இதெல்லாம் காலையில் கிளம்பி, வெளிச்சம் மறைவதற்குள் வீடு வந்து சேரக்கூடியவை. ஒன்று மட்டும்: கடற்கரையில் காலை நனைப்பதோடு சரி. முகத்துவாரத்துப் பக்கம் இழுவை அதிகம், அங்கே பிள்ளைகளை இறங்க விடாதீர்கள்.

ராட்டினம்தான் வேண்டும் என்று பிள்ளை அடம்பிடித்தால் நாகூர் கந்தூரி இருக்கிறது, ஆகஸ்ட் 29-ல் கொடியேறும் வேளாங்கண்ணித் திருவிழா இருக்கிறது. பூங்கா ராட்டினம் போல் இவை நிரந்தரமாக நிற்பவை அல்ல. ஊர் ஊராகக் கழற்றி மாட்டப்படுபவை. ஏறும் முன் ஒரு சுற்று காலியாக ஓடுவதைப் பாருங்கள். அடியில் முட்டுக் கொடுத்திருக்கும் கட்டைகள் அசைகின்றனவா, கதவுக்குக் கொக்கி இருக்கிறதா, கயிறு கட்டியிருக்கிறார்களா என்று கவனியுங்கள். கயிறு என்றால் பிள்ளைக்குப் பஞ்சுமிட்டாய் வாங்கிக் கொடுத்து அடுத்த ராட்டினத்துக்குக் கூட்டிப் போகலாம்.