பனியில் கருகும் தேயிலை

ஆவடியிலும் அம்பத்தூரிலும் வாழும் நாம் செடி கருகக் கண்டது சித்திரை வெயிலில்தான். குளிரும் செடியைக் கருக்கும் என்பதை நம்புவது கடினம். ஆனால் நாம் கிறிஸ்து பிறப்புக் குடில் அமைக்கும் மார்கழி நாட்களில் நீலகிரித் தேயிலைக்கு அதுதான் நேருகிறது.

உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு இழந்துவிடும். குளிர்ந்த காற்று கனமானது. அது சரிவில் இறங்கிப் பள்ளங்களில் தேங்கும். ஆகவே தலைக்குந்தா, அவலாஞ்சிப் பக்கங்களில் விடியற்காலைப் புல்வெளி உப்பைத் தூவினாற்போல் வெளுத்திருக்கும். காண அழகுதான். தேயிலை பயிரிட்டவருக்கோ வயிற்றில் நெருப்பு! இலையிலுள்ள நீர் உறைந்து உயிரணுக்கள் சிதைகின்றன; வெயில் ஏறியதும் கொழுந்துகள் பழுத்துக் கருகும். பிறகு வாரக்கணக்கில் பறிக்க இலை இராது. பறிக்கும் பெண்களுக்கு வேலையும் குறையும்.

இளஞ்செடிகளை மாலையிலேயே காய்ந்த பெரணியாலும் புல்லாலும் மூடுவர். நீர் வசதியுள்ள தோட்டங்களில் கதிரவன் எழுமுன் நீர் தெளித்துப் பனியைக் கரைப்பதும் உண்டு.

கருகிய செடியைக் கண்டதும் கத்தியை எடுக்கத்தான் கை துடிக்கும். அது தவறு. உடனே கவாத்து செய்தால் புதுத் தளிர் அடுத்த பனியில் சிக்கிக்கொள்ளும். எந்தக் கிளை பட்டது, எது பிழைத்தது என்பதும் அப்போது தெரியாது. பனிக்காலம் கழிந்த பின் பட்டையைச் சுரண்டிப் பார்த்து, பச்சை தெரியும் இடம் வரை வெட்டினால் போதும். உரமும் தளிர் விட்ட பின்னரே. வளர்ந்த செடியின் வேர் பெரும்பாலும் தப்பிவிடும். நம் ஊர் வெயிலில் வெந்து கிடக்கும் சித்திரையில், கோடை மழை பெற்று, அங்கே புதுக்கொழுந்து கிளம்பும்.