கருப்பு வெள்ளை பிலிம்: வேகமும் டெவலப்பரும் தேர்ந்தெடுப்பது எப்படி?

தாத்தாவின் பழைய பிலிம் கேமராவைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு தைப்பூசத்துக்குப் போகும் இளைஞர்கள் நம்மிடையே உண்டு. சுருளைக் கழுவிப் பார்க்கும்போதுதான் ஏமாற்றம்: காவடி தெரிகிறது, சுமந்தவரின் முகம் தெரியவில்லை. ஒரு சுருளுக்கு 36 படங்கள்தான். முடிந்த திருவிழாவை மறுபடி எடுக்கவும் முடியாது.

நிழல் பகுதியில் என்ன தெரியும் என்பது படம் எடுக்கும் நொடியிலேயே முடிவாகிவிடுகிறது. டெவலப்பர் பெரும்பாலும் வெளிச்சப் பகுதியின் அடர்த்தியைத்தான் கூட்டும், குறைக்கும். பிலிமில் பதியாத முகத்தை எந்த மருந்தும் மீட்டுத் தராது. ஆகவே முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். மருந்தைப் பிறகு முடிவு செய்யலாம்.

பலரும் வாங்கும் ஐஎஸ்ஓ 400 பிலிமான இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ்ஸை எடுத்துக்கொள்வோம்.

பகல் வெயில்: பத்துமலைப் படிகளில் உச்சி வெயில் நேராக இறங்கும்; கண்களில் நிழல் விழும். வேகத்தை 200 என வைத்தால் பிலிமுக்கு இரு மடங்கு வெளிச்சம் கிடைக்கும். கழுவும் நேரத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் வெள்ளை வேட்டியும் வெளிறாது. அளவை முகத்தில் எடுங்கள். வேட்டியையோ வானத்தையோ பார்த்து அளந்தால் முகம் கறுத்துவிடும்.

இரவு ரதம்: கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் கோயிலிலிருந்து புறப்படும் வெள்ளி ரதத்துக்கு 1600 தேவைப்படும். இதற்கு மைக்ரோஃபென் டெவலப்பர் நன்கு பொருந்தும். தண்ணீர் சேர்க்காத கரைசலில், 20 டிகிரியில் 11 நிமிடம். ஐடி-11 என்றால் 14 நிமிடம். புள்ளிகள் பெரிதாகும், நிழல் இன்னும் கறுக்கும். அது இந்த வேகத்துக்கான விலை.

ஒரு சுருளுக்கு ஒரே வேகம்தான். பாதியில் மாற்றாதீர்கள்.

இங்கே இன்னொரு சிக்கல், நம் ஊர் வெப்பம். அட்டவணை நேரங்கள் 20 டிகிரிக்கானவை; நம் குழாய்த் தண்ணீரோ அதைவிடச் சூடு. சூட்டில் நேரம் சுருங்கி 5 நிமிடத்துக்குக் கீழே போனால் படம் திட்டுத் திட்டாக வரலாம். மருந்து போத்தலை ஐஸ் போட்ட பேசினில் வையுங்கள். மருந்துக்குள் ஐஸ் போடாதீர்கள். வேகம் 400 என்றால், ஐடி-11-ஐச் சம அளவு தண்ணீருடன் கலந்து 20 டிகிரியில் 13 நிமிடம், 24 டிகிரியில் சுமார் 9 நிமிடம் கழுவலாம்.

திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பே ஒரு சுருளை வீட்டு வாசலில் எடுத்துக் கழுவிப் பாருங்கள். பாட்டியின் முகத்தில் நிழல் பக்கமும் தெரிந்தால், நீங்கள் தயார்.