டிடிபி சென்டரில் மாட்டிக்கொண்ட புத்தகம்

"தம்பி, என் கட்டுரைத் தொகுப்பை கிண்டில்ல போடணும். வீட்டம்மா தெலுங்குல கதை எழுதி வச்சிருக்காங்க, அதையும் சேர்த்துப் போட்டுட முடியுமா?"

மந்தைவெளி மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் இதைக் கேட்டவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். சொந்தச் செலவில் அச்சிட்ட புத்தகம் ஒன்றையும், அதன் கோப்பு இருக்கும் சிடியையும் துணிப்பையில் கொண்டுவந்திருந்தார். வீட்டம்மா எழுதிய கதைகள் எல்லாம் அந்த அம்மாவின் போனிலேயே இருக்கின்றன, விரலால் தெலுங்கில் தட்டித் தட்டி எழுதியவை.

"உங்க புத்தகத்துக்கு வழி திறந்திருக்குங்க ஐயா, ஆனா வேலை நிறைய. அம்மா கதைகளுக்கு வேலை கம்மி, வழிதான் வேற" என்றேன். அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டில் பழைய சிடியோடு இருக்கும் எழுத்தாளர்கள் இந்த ஊரில் அவர் ஒருவர் மட்டும் இல்லை.

அந்த சிடியில் இருப்பது பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் செய்த கோப்பு. டிடிபி சென்டரில் பாமினி எழுத்துருவைப் போட்டு அடித்திருக்கிறார்கள். பாமினியில் 'தமிழ்' என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும், தாளிலும் தமிழே விழும். ஆனால் கோப்புக்குள் பதிவாகியிருப்பது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கில எழுத்துகளும் கடைசியில் ஓர் அரைப்புள்ளியும். ஆங்கில எழுத்துக்குரிய இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்து வைத்திருக்கும் எழுத்துரு அது. அதை எடுத்துவிட்டால் தமிழும் போய்விடும். வானவில்லுக்கும் ஸ்ரீலிபிக்கும் இதே முறைதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் வரிசை வேறு. ஒன்றில் 'க' இருக்கும் இடத்தில் இன்னொன்றில் வேறு எழுத்து இருக்கும்.

டிடிபிக்காரர்களைக் குறை சொல்வதற்கு இல்லை. அச்சுக்கு வடிவம் போதும், அவர்கள் அதை நன்றாகவே செய்து கொடுத்தார்கள். அந்தச் சின்னச் சின்ன அறைகளும் அங்கே அடித்துப் பழகிய விரல்களும் இல்லாவிட்டால் பல சிறுபத்திரிகைகள் வெளிவந்தே இருக்காது. மின்னூலுக்குத் தேவை மட்டும் வேறு. வாசிப்பவர் எழுத்தைப் பெரிதாக்குவார், ஒரு சொல்லைத் தேடுவார். பார்வையற்ற வாசகர் அதைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். இதெல்லாம் நடக்க வேண்டுமானால் எழுத்து என்ன எழுத்து என்று கருவிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காக வந்ததுதான் யூனிகோடு. உலக மொழிகளின் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு நிரந்தர எண். 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 'க' என்றால் 2965. மந்தைவெளியிலும் அந்த எண்தான், மலேசியாவிலும் அந்த எண்தான். 'தமிழ்' என்ற சொல்லை எழுதினால் 2980, 2990, 3007, 2996, 3021 என்று ஐந்து எண்கள் பதிவாகும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் இந்த எண்கள் மாறாது. தமிழக அரசும் 2010-இல் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. நாம் போனில் தட்டும் ஒவ்வொரு செய்தியும் இதில்தான் போகிறது. அதனால்தான் அம்மாவின் கதைகளில் வேலை குறைவு என்றேன். அவருக்குத் தெரியாமலே சரியான வடிவில் எழுதி வைத்திருக்கிறார்.

எண் இருந்தால் மட்டும் போதாது. 'கொ' என்ற எழுத்துக்கு 'க' ஓர் எண், ஒகரக் குறி ஓர் எண், அந்த வரிசையில்தான் கோப்பில் இருக்கும். காட்டும்போது கருவி அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். ரோமன் எழுத்துக்கு இந்த வேலை கிடையாது. ஆரம்பகால மின்னூல் கருவிகள் அதை மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. அவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரியும், இல்லையென்றால் கொம்பு இடம் மாறி நிற்கும். ஒரு மொழியை 'ஆதரிக்கவில்லை' என்று ஒரு நிறுவனம் சொல்வதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, உள்ளடக்கத்தைச் சரிபார்க்க அந்த மொழி தெரிந்த ஆட்களை வைப்பதும் கடைப்பக்கத்தில் அதற்கு இடம் ஒதுக்குவதும் செலவு பிடிக்கும் காரியங்கள்.

நிறுவனங்கள் இடம் கொடுக்கும் வரை தமிழர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 1998 பொங்கலன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரமும் அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ச்சுனனும் முன்னின்றார்கள், பல நாட்டுத் தமிழர்கள் வீட்டிலிருந்தே பழைய நூல்களைத் தட்டச்சு செய்து அனுப்பினார்கள். 'மயிலை' என்ற பெயரில் ஓர் எழுத்துருவை உருவாக்கியவரும் கல்யாணசுந்தரம்தான். அந்தத் தொகுப்பே முதலில் தனி எழுத்துருக்களில் இருந்து, பிறகு டிஸ்கி என்ற குறியீட்டுக்குப் போய், கடைசியில் யூனிகோடுக்கு வந்து சேர்ந்தது. பிறகு 2013-இல் த. சீனிவாசனும் நண்பர்களும் ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தைத் தொடங்கினார்கள். ஆசிரியர்களிடம் கேட்டு, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் புத்தகங்களை வாங்கி, ஒவ்வொன்றையும் இபப், மோபி, பெரிய பிடிஎஃப், ஆறு அங்குல பிடிஎஃப் என்று நான்கு வடிவில் கொடுத்தார்கள். அந்த ஆறு அங்குல பிடிஎஃப்பை நான் மிகவும் மதிக்கிறேன். கிண்டில் தமிழைச் சரியாகக் காட்டாத காலத்தில், அதன் திரை அளவுக்கே பக்கம் அமைத்து எழுத்தை நேராக நிற்க வைத்தார்கள். கருவி செய்தவர்கள் வரட்டும் என்று காத்திருக்காமல் வாசகன் கையில் இருந்த கருவிக்கு வேலை செய்தார்கள்.

2016 இறுதியில் அமேசானின் கிண்டில் கடை இந்தி, தமிழ், மராத்தி, குஜராத்தி, மலையாளம் ஆகிய ஐந்து மொழிகளுக்குத் திறந்தது. எழுத்தாளரே பதிவேற்றும் கேடிபி தளமும் இந்த ஐந்தை ஏற்றுக்கொண்டது. ஐயா இங்கேதான் நிறுத்தினார். "தெலுங்கு இல்லையா? அவ்வளவு பேர் பேசுறாங்களே?"

நியாயமான கேள்வி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தெலுங்கைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 8.11 கோடி, வங்காளத்தைச் சொன்னவர்கள் 9.72 கோடி. அந்த இரண்டும் ஐந்தில் இல்லை. 3.48 கோடிப் பேரின் மலையாளம் இருக்கிறது. பேசுகிறவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துக் கதவு திறப்பதில்லை. ஒரு மொழிக்கு இடம் கொடுப்பதும் மறுப்பதும் வெளியூரில் இருக்கும் ஒரு நிறுவனம் தன் வசதிக்கு எடுக்கும் முடிவு. அதை நம்பி மட்டும் ஒரு மொழியின் பதிப்புலகம் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். தெலுங்குக்காரர்கள் 2010-லேயே 'கினிகே' என்ற சொந்த மின்னூல் கடையைத் தொடங்கினார்கள். கன்னடத்தில் 2020-இல் 'மைலாங்' வந்தது. அம்மாவுக்கு நான் சொன்ன வழிகளும் இவைதான்: அந்த மொழிக்காரர்கள் நடத்தும் கடை, பிரதிலிபி போன்ற கதைத் தளம், இபப் கோப்பை ஏற்று விற்கும் கூகுள் பிளே புக்ஸ். இடம் தராத தளத்தில் மொழிப் பெட்டியில் வேறு மொழியைக் குறித்து நுழைத்துவிடலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். அதைச் செய்ய வேண்டாம். கண்டுபிடித்தால் புத்தகத்தை எடுத்துவிடுவார்கள், கணக்குக்கும் ஆபத்து. பக்கங்களைப் படமாக ஒட்டிப் பதிவேற்றுவதும் அதே மாதிரி வீண். படத்தில் சொல்லைத் தேட முடியாது, எழுத்து மட்டும் பெரிதாகாது, பார்வையற்றவருக்கு அது வெற்றுத் தாள்.

இப்போது ஐயாவின் சிடிக்கு வருகிறேன். பாமினியை யூனிகோடாக மாற்றும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. என்எச்எம் கன்வர்ட்டர் பல பேருக்குத் தெரிந்தது. மாற்றுவதற்கு ஒரு நிமிடம் போதும், திருத்துவதற்குத்தான் பொறுமை வேண்டும். நடுவில் ஆங்கிலச் சொல் இருந்தால் அதையும் பாமினி என்று நினைத்துப் பொருளற்ற தமிழாக்கிவிடும். 'கௌரி' என்பது 'கெளரி' என்று, 'ள' போட்டு நிற்கும். இன்னும் தொல்லையானது 'ர்'. அந்தக் காலத்தில் பலர் காலை அடித்து அதன் மேல் புள்ளி வைத்திருப்பார்கள், பார்க்க 'ர்' மாதிரியே இருக்கும். மாற்றிய பிறகும் கண்ணுக்குத் தெரியாது. சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். கோப்பில் 'அவர்கள்' என்று தேடிப் பாருங்கள். பக்கத்துக்கு நான்கு முறை வரும் அந்தச் சொல் மொத்தப் புத்தகத்திலும் இரண்டு மூன்று இடத்தில் மட்டும் கிடைத்தால் 'ர்' எல்லாம் பொய். ஒரே தேடி-மாற்றலில் சரி செய்துவிடலாம், ஆனால் செய்தாக வேண்டும். வரி முடிவுகளையும் பார்க்க வேண்டும். பேஜ்மேக்கர் தாளின் அகலத்துக்கு ஏற்ப உடைத்த வரிகள் போனில் பாதி வரியில் நிற்கும்.

சிடியே திறக்கவில்லை என்றால்? அச்சுப் புத்தகத்தை ஸ்கேன் செய்து எழுத்துணரியில் கொடுக்கலாம். கூகுள் டிரைவில் உள்ள எழுத்துணரி தமிழை நன்றாகவே படிக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் பழைய நூல்களைச் சேர்த்தவர்கள் இந்த முறையைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த வேலையைத் தானாகச் செய்யும் நிரலை எழுதியவரும் மேலே சொன்ன சீனிவாசன்தான். பிறகு மெய்ப்புப் பார்க்க வேண்டும், தமிழாசிரியர்களுக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சுத்தமான உரை கையில் வந்துவிட்டால் மற்றது எளிது. இபப் என்பது உள்ளே பார்த்தால் சில வலைப்பக்கங்களைச் சேர்த்துக் கட்டிய ஒரு மூட்டை. லிப்ரே ஆபீஸில் கட்டுரைத் தலைப்புகளுக்குத் 'தலைப்பு' பாணியைக் கொடுங்கள், ஸ்பேஸ் தட்டித் தட்டி நடுவில் கொண்டுவராதீர்கள். அந்தப் பாணியிலிருந்துதான் பொருளடக்கம் பிறக்கும். சிகில், காலிபர் இரண்டும் இலவசம், அவற்றில் கோப்பைச் சரிபார்க்கலாம். மொழி என்ற இடத்தில் தமிழ் என்று குறிக்க மறக்காதீர்கள். சத்தமாகப் படிக்கும் செயலி அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலை எடுக்கும். அச்சுக்கு வாங்கிய எழுத்துருவை உள்ளே வைப்பதற்கு அதன் உரிமம் பெரும்பாலும் இடம் தராது. நோட்டோ தமிழ் போன்ற திறந்த எழுத்துரு இருக்கும்போது அந்தச் சிக்கல் எதற்கு?

பணம் பற்றி ஐயா கேட்கவில்லை, நானாகச் சொன்னேன். கேடிபியில் பங்கு 35 சதவீதம் அல்லது 70 சதவீதம். இந்திய விற்பனைக்கு 70 வேண்டுமானால் செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், சேர்ந்தால் 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ கூடாது. அதை யோசித்துச் சேருங்கள். ஐஎஸ்பிஎன் எண்ணை இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலான அரசு முகமை இலவசமாகவே தருகிறது. அதற்குப் பணம் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். கிண்டில் மின்னூலுக்கு அது கட்டாயமும் இல்லை.

மந்தைவெளியிலிருந்து வடக்கே நடந்தால் ராமகிருஷ்ண மடம் சாலையில் 1901-இல் தொடங்கிய அல்லயன்ஸ் கம்பெனி இருக்கிறது. இந்த வட்டாரத்தில் புத்தகம் போடுவது நூற்றாண்டுப் பழக்கம். இனிப் போடுகிறவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்று. டிடிபி சென்டரில் கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், அச்சுக்குப் போகும் பிடிஎஃப்போடு திருத்தம் முடிந்த உரையையும் யூனிகோடில் தரச் சொல்லி வாங்குங்கள். முதல் நாள் பேசும்போதே இதையும் பேசிவிடுங்கள். பழைய சிடி வைத்திருப்பவர்கள் இந்த மாதமே அதைத் திறந்து பாருங்கள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு வந்தது 2001-இல். அதைத் திறக்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள்.