நாமே போடுவதா, ஆடிட்டரிடம் கொடுப்பதா?

வீட்டுக் கணக்கு – 11

பழைய வரி முறை, புதிய வரி முறை இரண்டில் யாருக்கு எது லாபம் என்று சென்ற வாரம் பார்த்தோம். அதைப் படித்த பலரும் அடுத்ததாகக் கேட்டிருப்பது ஒரே கேள்விதான். முறையைத் தேர்ந்தெடுத்தாயிற்று, இனி ரிட்டர்னை வருமான வரித்துறை இணையதளத்தில் நானே போட்டுவிடலாமா, இல்லை ஆடிட்டரிடம் கொடுத்துவிடுவது நல்லதா?

கேட்டவர்கள் பெரும்பாலும் தங்கள் வருமானத்தின் அளவைச் சொல்லித்தான் கேட்கிறார்கள். "பதினெட்டு லட்சம் சம்பளம் வாங்குகிறேன், ஆடிட்டர் இல்லாமல் முடியுமா?" என்கிறார் ஒருவர். "எனக்கு வெறும் பென்ஷன்தான், ஆடிட்டருக்கு எதற்கு ஃபீஸ்?" என்கிறார் இன்னொருவர். தொகையை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. பணம் எந்த வழியில் வந்தது என்று பார்க்க வேண்டும். சம்பளமும் வங்கி வட்டியும் மட்டும் உள்ளவர் பதினெட்டு லட்சம் வாங்கினாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் தானே போட்டு முடித்துவிடலாம். மாதம் 28,000 ரூபாய் பென்ஷன் வாங்குகிறவர், அந்த வருடம் ஒரு மனையை விற்றிருந்தால், விவரம் தெரிந்தவரைப் பார்க்காமல் இருக்கவே கூடாது.

முதலில் எளிதான ரகத்தைப் பார்ப்போம். சம்பளம் அல்லது பென்ஷன், குடியிருக்கும் வீடு, சேமிப்புக் கணக்கிலும் வைப்புநிதியிலும் வட்டி, மொத்த வருமானம் 50 லட்சத்துக்குள். இவர்களுக்கானதுதான் ஐ.டி.ஆர்.-1, 'சஹஜ்' என்ற படிவம். அரசு இணையதளத்தில் அதைப் போடக் கட்டணம் கிடையாது. பான் எண்தான் பயனர் பெயர். உள்ளே போனதும் சம்பளம், பிடித்த வரி, வட்டி எல்லாம் பெரும்பாலும் முன்கூட்டியே நிரப்பப்பட்டிருக்கும். பட்டியலிடப்பட்ட பங்குகளையோ பங்கு சார்ந்த மியூச்சுவல் ஃபண்டையோ விற்றதில் கிடைத்த நீண்டகால லாபம் 1.25 லட்சத்துக்குள் இருந்தால், 2025-26 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து அதையும் இந்தப் படிவத்திலேயே காட்டலாம். முன்பு இந்தச் சிறிய லாபத்துக்காகவே பலர் ஐ.டி.ஆர்.-2 தேடிப் போக வேண்டியிருந்தது.

நிரம்பியிருக்கிறதே என்று அப்படியே 'சமர்ப்பி' பொத்தானை அழுத்திவிடக் கூடாது. அதற்கு முன் ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கையை இறக்கிப் பாருங்கள். 2021 நவம்பரில் வந்த வசதி இது. பி.டி.எஃப். திறக்கக் கடவுச்சொல் கேட்கும். பான் எண்ணைச் சிறிய எழுத்தில் அடித்து, அதை ஒட்டியே பிறந்த தேதி, மாதம், வருடத்தை எட்டு இலக்கமாக அடித்தால் திறக்கும். உங்கள் பெயரில் எந்த வங்கி எவ்வளவு வட்டி கொடுத்தது, எந்த கம்பெனி எவ்வளவு டிவிடெண்ட் கொடுத்தது, எந்தப் பங்கை எப்போது விற்றீர்கள் என்று வரி வரியாக இருக்கும். பழைய வேலையிடத்தில் சம்பளக் கணக்கு வைத்திருந்த வங்கியின் வட்டி 412 ரூபாய்கூட அங்கே உட்கார்ந்திருக்கும்.

அந்த அறிக்கையிலும் பிழை வரும். அப்பாவும் மகனும் கூட்டாகப் போட்ட வைப்புநிதியில் பணம் மகனுடையது என்றாலும், முதல் பெயர் அப்பாவுடையது என்றால் வட்டி முழுவதும் அப்பா கணக்கில்தான் காட்டும். அங்கேயே அந்த வரிக்கு எதிரே 'இது என்னுடையதல்ல' என்று பதில் பதியலாம். இதற்கு நேர்மாறான சிக்கலும் உண்டு. மாடி வீட்டு வாடகையைக் கையில் வாங்குகிறீர்கள், உறவுக்காரருக்குக் கடன் கொடுத்து வட்டி வாங்குகிறீர்கள். இவை ஏ.ஐ.எஸ்.-இல் வராது, ஆனால் வருமானம்தான். மென்பொருள் தனக்குக் கிடைத்த தகவலை அழகாக அடுக்கித் தரும். உங்கள் மாடியில் யார் குடியிருக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது.

தானே போடுகிறவர்கள் அதிகமாக வழுக்கும் இடம் வைப்புநிதி வட்டி. "பேங்க்லதான் டி.டி.எஸ். பிடிச்சுட்டாங்களே, அதுக்கு வரி கட்டியாச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். வங்கி பிடிப்பது 10 சதவீதம். நீங்கள் 20 அல்லது 30 சதவீத அடுக்கில் இருந்தால் மீதி உங்கள் கையில்தான் இருக்கிறது, அது பாக்கி. வருட நடுவில் வேலை மாறியவர்களுக்கும் இதே கதை. இரண்டு நிறுவனங்களும் தனித்தனியே நிரந்தரக் கழிவையும் வரியில்லா வரம்பையும் கொடுத்துவிட்டு, குறைவாக வரி பிடித்திருக்கும். இரண்டு படிவம் 16-ஐயும் சேர்த்ததும் பாக்கி தெரியும். இதற்கெல்லாம் ஆடிட்டர் வேண்டியதில்லை. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கூட்டினால் போதும்.

இப்போது அந்த மனைக்கு வருவோம்.

திருச்சிக்குப் பக்கத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் 1988-ல் வாங்கிப்போட்ட மனையை 2025 நவம்பரில் 30 லட்சத்துக்கு விற்றார் என்று வைத்துக்கொள்வோம். 12 லட்சம் வரை வரியே இல்லை என்று எல்லோரும் பேசுகிறார்களே, வருட பென்ஷன் நாலு லட்சத்தைத் தாண்டவில்லையே என்று அவர் நிம்மதியாக இருக்கிறார். அந்தத் தள்ளுபடி, தனி விகிதத்தில் வரி விதிக்கப்படும் இந்த லாபத்துக்குச் செல்லாது. அதை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

லாபம் எவ்வளவு? 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்துக்கு, அன்றைய சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. நிலத்துக்கும் கட்டடத்துக்கும் அது அன்றைய வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், வீட்டை விற்கும் உள்நாட்டுத் தனிநபருக்கு இரண்டு கணக்கு உண்டு. விலைவாசிக் குறியீட்டைச் சேர்க்காமல் 12.5 சதவீதம், அல்லது சேர்த்து 20 சதவீதம். எது குறைவோ அது.

ஆசிரியர் மனையின் 2001 மதிப்பு 2 லட்சம் என்று எடுத்துக்கொண்டால், குறியீடு சேர்க்காமல் லாபம் 28 லட்சம், வரி 3.5 லட்சம். 2025-26-க்கான குறியீடு 376. அதைச் சேர்த்தால் வாங்கிய விலை 7.52 லட்சமாகும், 20 சதவீத வரி சுமார் 4.50 லட்சம் வரும். ஆகவே முதல் கணக்கு லாபம். அதே மனையின் 2001 மதிப்பு 5 லட்சம் என்றால்? முதல் கணக்கில் வரி 3.12 லட்சம். குறியீடு சேர்த்தால் வாங்கிய விலை 18.80 லட்சம், லாபம் 11.20 லட்சம், வரி 2.24 லட்சம். இதற்கு மேல் 4 சதவீதக் கூடுதல் தீர்வை. கூட்டல் கழித்தலை மென்பொருள் பிழையில்லாமல் செய்துவிடும். அதில் 2 என்று போடுவதா 5 என்று போடுவதா என்பதை யார் சொல்வது? சார்பதிவாளர் அலுவலகத்தில் 2001-க்கான வழிகாட்டி மதிப்பைக் கேட்டு வாங்க வேண்டும், பதிவுபெற்ற மதிப்பீட்டாளரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும், நாளைக்கு அதிகாரி கேட்டால் காட்ட வேண்டும். கிரயப் பத்திரத்தில் எழுதிய தொகை இன்றைய வழிகாட்டி மதிப்பைவிட 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால், வழிகாட்டி மதிப்பையே விற்ற விலையாக எடுத்துக்கொள்வார்கள். இத்தனையும் அனுபவமுள்ள ஓர் ஆடிட்டர் பத்திரத்தைக் கையில் வாங்கியதும் கேட்கும் கேள்விகள்.

இதைவிட எனக்கு வருத்தம் தரும் விஷயம் ஒன்று உண்டு. ஆசிரியர் ஆடிட்டரைத் தேடிப்போவது ஜூலையில். விற்ற நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆர்.இ.சி. போன்ற நிறுவனங்களின் குறிப்பிட்ட கடன் பத்திரங்களில் லாபத்தைப் போட்டிருந்தால், 50 லட்சம் வரை அந்த லாபத்துக்கு வரியே இருந்திருக்காது. நவம்பரில் விற்றவருக்கு அந்த ஆறு மாதம் மே மாதமே முடிந்துவிட்டது. வீடு வாங்கியோ கட்டியோ வரிச்சலுகை பெறப் போகிறார் என்றாலும், இன்னும் செலவாகாத பணத்தை ரிட்டர்ன் போடும் கெடுவுக்குள் வங்கியில் மூலதன ஆதாயக் கணக்கு என்ற தனிக் கணக்கில் போட வேண்டும். சாதாரண சேமிப்புக் கணக்கில் கிடந்தால் சலுகை போய்விடும். இத்தகைய விற்பனைக்கு ஆடிட்டரைப் பார்க்க வேண்டிய நேரம் அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்பு. ஆடிட்டருக்குக் கொடுக்கும் ஃபீஸில் பெரும்பகுதி படிவம் நிரப்புவதற்கானதல்ல, இந்த யோசனைக்கானது. படிவத்தை வேண்டுமானால் பிறகு நீங்களே நிரப்பிக்கொள்ளுங்கள்.

வேறு யாரெல்லாம் போக வேண்டும்? ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வியாபாரம் செய்கிறவர்கள். "நஷ்டம்தானே, அதை எதற்குக் காட்ட வேண்டும்" என்று இளைஞர்கள் விட்டுவிடுகிறார்கள். அது வியாபாரக் கணக்கு. சம்பளக்காரராக இருந்தாலும் ஐ.டி.ஆர்.-3 போட வேண்டும். கெடுவுக்குள் காட்டினால்தான் அந்த நஷ்டத்தை எட்டு வருடம் வரை எடுத்துச்சென்று கழிக்க முடியும். அடுத்து, அமெரிக்கத் தாய் நிறுவனத்தின் பங்குகளைச் சம்பளத்தோடு பெறும் ஐ.டி. ஊழியர்கள். ஒரு பங்கைக்கூட விற்காவிட்டாலும் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலில் அதைக் காட்டியே ஆக வேண்டும், அதுவும் ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கில். கறுப்புப் பணச் சட்டத்தில் இதற்கான அபராதம் 10 லட்சம். அசையாச் சொத்து அல்லாதவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதத்திலிருந்து விலக்கு உண்டு. முதல் வருடம் தெரிந்தவரிடம் கொடுத்துப் போட்டுக்கொண்டு, அடுத்த வருடம் அதைப் பார்த்துத் தானே போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது நல்ல வழி. தணிக்கை கட்டாயமான அளவுக்குத் தொழில் நடத்துகிறவர்களுக்குக் கேள்வியே இல்லை, சி.ஏ. கையெழுத்து வேண்டும்.

தனியார் வரி இணையதளங்களையும் சிலர் கேட்டிருந்தார்கள். பங்குத் தரகரின் அறிக்கையை அப்படியே ஏற்றினால் நூற்றுக்கணக்கான பரிவர்த்தனைகளை அவை ஒழுங்குபடுத்தித் தரும். அந்த வேலைக்குக் கட்டணம் கொடுக்கலாம். வெறும் சம்பளக்காரருக்கு அவசியமில்லை.

நம் ஊர்களில் ரிட்டர்ன் போட்டுக்கொடுக்கிற எல்லோரும் ஆடிட்டர்தான். தாலுகா ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடையில் போட்டுக்கொடுக்கும் தம்பியும் ஆடிட்டர்தான். சி.ஏ. அல்லாத வரி ஆலோசகர்களிலும் நேர்மையும் திறமையும் உள்ளவர்கள் நிறைய இருக்கிறார்கள். பட்டத்தைப் பார்ப்பதற்கு முன், அவர் பேசும் பேச்சைக் கவனியுங்கள். "சார், ரீஃபண்ட் நாப்பதாயிரம் வாங்கித் தர்றேன், அதுல பத்து பர்சென்ட் எனக்கு" என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ரீஃபண்டில் பங்கு கேட்பவருக்கு ரீஃபண்டைப் பெருக்குவதில்தான் ஆதாயம். கட்டாத வாடகை, கொடுக்காத நன்கொடை, வாங்காத கல்விக் கடன் என்று எதையாவது எழுதிவிடுவார். சி.ஏ.க்களுக்கு இப்படி விழுக்காட்டில் ஃபீஸ் வாங்குவது பொதுவாக அவர்கள் தொழில் விதிப்படியே தவறு.

2025 ஜூலை 14 அன்று வருமான வரித்துறை நாடெங்கும் 150 இடங்களில் இதற்காகவே சோதனை நடத்தியது. பொய்க் கழிவுகளை எழுதி ரீஃபண்ட் வாங்கிக்கொடுத்த இடைத்தரகர்கள்தான் குறி. அதற்கு முந்தைய சோதனைகள் நடந்த மாநிலங்களில் தமிழ்நாடும் உண்டு. அந்த ஜூலைக்கு முந்தைய நான்கு மாதங்களில் சுமார் 40,000 பேர் திருத்திய ரிட்டர்ன் போட்டு, 1,045 கோடி ரூபாய் அளவுக்குப் பொய்க் கழிவுகளைத் திரும்பப் பெற்றிருந்தார்கள் என்றும் துறை சொன்னது. அந்த அறிக்கையில் என்னை உலுக்கிய தகவல் வேறு. இந்தத் தரகர்கள் மொத்தமாக ரிட்டர்ன் போடுவதற்கென்றே தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உண்டாக்கி, பிறகு கைவிட்டுவிடுகிறார்கள். துறை அனுப்பும் நோட்டீஸ் அந்த ஆளில்லாத முகவரிக்குப் போய் விழுகிறது. சம்பந்தப்பட்ட ஊழியருக்குத் தன்மேல் நடவடிக்கை வருவதே தெரியாது. தவறான தகவல் கொடுத்ததாக முடிவானால், ஏய்த்த வரிக்கு மேல் 200 சதவீதம் அபராதம். அதைத் தரகர் கட்ட மாட்டார். பான் எண் யாருடையதோ அவர்தான் கட்ட வேண்டும்.

ஆகவே யாரிடம் கொடுத்தாலும் இணையதளத்தில் உங்கள் கைபேசி எண்ணும் உங்கள் மின்னஞ்சலும்தான் இருக்க வேண்டும். இன்றைக்கே உள்ளே போய்ப் பாருங்கள். ஆடிட்டரின் முகவரி முதன்மையாக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். நல்ல ஆடிட்டர் முகம் சுளிக்க மாட்டார். ரிட்டர்ன் போட்டதும் ஒரு பக்க ஒப்புகைச் சீட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வராதீர்கள். அதில் மொத்தத் தொகைகள்தான் இருக்கும், எந்தக் கழிவு எதற்கு என்று தெரியாது. முழுப் படிவத்தின் பிரதியையும் கணக்கீட்டுத் தாளையும் கேளுங்கள். கழிவுகள் பகுதியில் உங்களுக்குத் தெரியாத தொகை ஏதாவது இருந்தால், ஆதார் ஓ.டி.பி.யைச் சொல்வதற்கு முன் அது என்னவென்று கேளுங்கள். அந்த ஓ.டி.பி.தான் உங்கள் கையெழுத்து. ரிட்டர்ன் போட்ட 30 நாளுக்குள் அந்தச் சரிபார்ப்பை முடிக்காவிட்டால், போட்டதும் போடாததாகிவிடும்.

அதன் பிறகு பெங்களூருவில் உள்ள செயலாக்க மையத்திலிருந்து 143(1) என்ற அறிவிப்பு உங்கள் மின்னஞ்சலுக்கு வரும். அதே கடவுச்சொல்தான், பான் எண்ணும் பிறந்த தேதியும். உள்ளே இரண்டு பத்திகள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஒன்று நீங்கள் காட்டியது, இன்னொன்று அவர்கள் கணக்கிட்டது. இரண்டும் ஒத்துப்போனால் கோப்பில் வைத்துவிடலாம். எந்த வரியில் எண் மாறுகிறதோ அதை என்ன செய்வது, எப்போது ஒப்புக்கொண்டு கட்டுவது, எப்போது திருத்த மனு போடுவது என்பதை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம். சென்ற வருட அறிவிப்பு உங்களிடம் இருந்தால் தேடி எடுத்து வைத்திருங்கள், அதை வைத்துக்கொண்டே படிக்கலாம்.