எஞ்சின் இல்லாத பந்தய வண்டி

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில், கார்னெகி மெல்லன் பல்கலைக்கழக மாணவர்கள் 1920 முதல் நடத்திவரும் பந்தயம் இது. வண்டிக்குப் பெயர் 'பக்கி'. எஞ்சினும் கிடையாது, பேட்டரியும் கிடையாது.

ஷென்லி பூங்காவை ஒட்டிய சாலைகளில் ஏறத்தாழ 1,350 மீட்டர் தூரம். மேடுகளில் ஐந்து பேர் ஒருவர் மாற்றி ஒருவராக ஓடித் தள்ளுவார்கள். நடுவே நீண்ட இறக்கம் வந்ததும் கையை எடுத்துவிடுவார்கள். வண்டி தானாகவே மணிக்கு 50 கிலோமீட்டரைத் தாண்டிப் பாயும்.

ஓட்டுநர் உள்ளே குப்புறப் படுத்திருப்பார். தாடைக்குச் சற்றுக் கீழே தார்ச்சாலை ஓடும். ஆள் சிறிதாக இருந்தால் வண்டிக்கூடும் சிறிதாகும், காற்றுத் தடை குறையும். அதனால் ஓட்டுநர்கள் பெரும்பாலும் மாணவிகள். என்னைக் கேட்டால், பந்தயத்தின் முழுத் துணிச்சலும் அவர்களுடையதுதான்.

இறக்கத்தின் முடிவில் வலப்பக்கம் ஒரு கூர்மையான திருப்பம். பிரேக் பிடித்தால் அடுத்த மேட்டுக்கு வேகம் மிஞ்சாது. பிடிக்காமல் சக்கரம் வழுக்கினால், ஓரத்தில் அடுக்கிய வைக்கோல் கட்டுகளில்தான் போய் நிற்கும். சக்கரம் தரையைக் கவ்வவும் வேண்டும், தடையின்றி உருளவும் வேண்டும். அதனால் எந்தச் சக்கரம் என்பது ஒவ்வோர் அணியும் காக்கும் ரகசியம்.

கார்பன் இழையில் கூடு வார்ப்பது முதல் எல்லாம் மாணவர் கைவேலை. வார இறுதிகளில் விடியற்காலையிலேயே ஒத்திகை தொடங்கிவிடும். பிரேக் சோதனையில் தேறாத வண்டிக்குச் சாலையில் இடமில்லை.