கூரை மடக்கும் பழைய கார்: உள்வேலையைத் தரையிலிருந்து தொடங்குங்கள்

1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது, கொஞ்சப் பெற்றோலில் ஸ்ரார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கார்களை யாழ்ப்பாணத்தவர் மறக்கமாட்டார்கள். உதிரிப்பாகம் வராத அந்தக் காலத்தில் பழையதைத் திருத்தியே வாகனங்களை ஓடவைத்தார்கள். இன்று அவற்றைப் புதுப்பிக்க விரும்பும் பலர், இயந்திரத்தைப் பார்த்த கையோடு இருக்கைக்குப் புது ரெக்சின் தைக்கக் கொடுக்கிறார்கள். குறிப்பாகக் கூரை மடக்கும் காரில் இது தவறான வரிசை.

1948இல் லண்டன் கண்காட்சியில் மொறிஸ் மைனர் அறிமுகமானபோதே மூடிய கார், கூரை மடக்கும் கார் என இரு வகைகள் வந்தன. மடக்கும் வகை 1969 வரை தயாரிக்கப்பட்டது. இவற்றுக்குத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். நிரந்தரக் கூரை இல்லாததால், பாரத்தைத் தாங்கும் வேலை தரைக்கும் கதவின் கீழ்ப்படிக்கும் கூடுதலாக விழுகிறது. துணிக்கூரையால் ஒழுகும் நீர் போய்த் தேங்குவதும் அங்கேதான். விரிப்புக்குக் கீழுள்ள சணல் விரிப்பு அந்த நீரை உறிஞ்சி வைத்திருக்க, தகரம் வெளியே தெரியாமல் உக்கிப்போகும். எனவே உள்வேலை என்பது அழகை மட்டுமல்ல, உள்ளே இருப்பவர்களின் உயிரையும் பற்றியது.

முதலில் பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள். ஒவ்வொரு பகுதியையும் படமெடுத்த பின் இருக்கை, கதவு மட்டை, விரிப்பு ஆகியவற்றை அகற்றி, ஆணிகளைப் பெயரிட்ட பைகளில் போடுங்கள். பின்னர் கூரையை மூடி, ஒருவர் உள்ளே இருக்க, மற்றவர் குழாயால் மெதுவாக நீர் விடட்டும். கண்ணாடி ரப்பர், கூரையின் தையல், கதவு ஓரம் என நீர் புகும் இடம் ஒவ்வொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தரை காய்ந்ததும் திருப்புளியின் பின்புறத்தால் தட்டிப் பாருங்கள். மந்தமான ஓசை வந்தாலோ தகரம் உள்வாங்கினாலோ ஒட்டுவேலை தேவை. தரையையோ கீழ்ப்படியையோ வெட்டுமுன் உடலுக்கு இரும்புத் தாங்கு கொடுக்காவிட்டால் கார் வளைந்து, கதவு பொருந்தாமல் போகும். இதை அனுபவமுள்ள ஒட்டுநரிடம் விடுங்கள். அப்போது துணியோ பஞ்சோ உள்ளே இருக்கக்கூடாது. ஒரு பொறியே போதும்.

இருக்கையின் பழைய உறையை எறியவேண்டாம். தையலைப் பிரித்தால் அதுவே புது உறைக்கு அளவு மாதிரி. சுருள்வில் நல்லதாயின் துருவைத் துடைத்து, மேலே சாக்குத் துணி வைத்து, அதன்மேல் புதுப் பஞ்சு வையுங்கள். சாக்கு இல்லாவிட்டால் வில் பஞ்சை அறுத்துவிடும். வெடிக்காத தோல் உறையை மென்சவர்க்காரம் தொட்ட ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்தினால் போதும். ஊறி உப்பிய கதவு மட்டையை வைத்தே புது மட்டை வெட்டலாம். கதவுக்கும் மட்டைக்கும் இடையே பிளாஸ்ரிக் தாள் ஒட்டுங்கள்.

கூரையைச் சரிசெய்து, மீண்டும் நீர் விட்டுப் பார்த்து, ஒழுக்கு நின்ற பின்னரே விரிப்பையும் இருக்கையையும் பூட்டுங்கள். மழை நனைத்த கூரையை உலராமல் மடக்கினால் பூஞ்சணம் பிடிக்கும்.

மொறிஸ் மைனர் பாகங்கள் இங்கிலாந்தில் இன்றும் விற்பனைக்கு உண்டு. ஆனால் அவை விலை கூடியவை. எனவே எதை வாங்குவது என்பதைத் தரை பார்த்த பிறகு தீர்மானியுங்கள். கையில் உள்ள பணம் ஒரு வேலைக்கு மட்டுமே போதுமானால், அது தரைக்கே போகட்டும். ரெக்சின் அடுத்த வருடமும் தைக்கலாம்.