இடுப்புக்குக் கனம், கைக்குச் சுகம்

நூறு வருஷத்துக்கு முந்தைய டிசைன். கனம் அதிகம், தோட்டா கம்மி, விலை கூட. இருந்தும் கோல்ட் 1911 மாதிரியான எஃகுக் கைத்துப்பாக்கிகளை அமெரிக்காவில் இன்னும் ஏன் ஆசையாக வாங்குகிறார்கள்? வெறும் பழம்பெருமைதான் என்று நானும் நினைத்திருந்தேன். கொஞ்சம் தோண்டிப் பார்த்ததில், அது பாதிதான் சரி.

ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்தத் துப்பாக்கியை அமெரிக்க ராணுவம் 1911-இல் ஏற்றுக்கொண்டது. பெயர் வந்ததும் அப்படித்தான். 1985-இல் பெரெட்டா வரும்வரை அதுதான் ராஜா. சட்டகம் முழுக்க எஃகு, காலியாகவே சுமார் 1.1 கிலோ, மேகசினில் 7 தோட்டா. 1982-இல் ஆஸ்திரிய ராணுவம் க்ளாக் 17-ஐத் தேர்ந்தெடுத்தது. அச்சில் வார்த்த பாலிமர் சட்டகம், காலி மேகசினோடு சுமார் 700 கிராம், 17 தோட்டா. வியர்வை பட்டாலும் சட்டகம் துருப்பிடிக்காது. (விமான நிலைய எக்ஸ்ரேயில் க்ளாக் தெரியாது என்பது 'டை ஹார்ட் 2' பரப்பிய கதை. குழலும் மேலே சறுக்கும் ஸ்லைடும் எஃகுதான், நல்லாவே தெரியும்.)

நாள் முழுக்க இடுப்பில் மாட்டிக்கொண்டு திரியும் போலீஸ்காரருக்கு எது வசதி என்று சொல்லவே வேண்டாம். பெரும்பாலும் சும்மா தொங்கப்போகிற பொருள், லேசாக இருப்பதே நல்லது.

ஆனால் சுடும்போது கணக்கு தலைகீழாகிறது. தோட்டா முன்னால் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும், பள்ளிக்கூடத்தில் படித்த நியூட்டன் விதிதான். இரண்டுக்கும் உந்தம் சமம். ஆகவே துப்பாக்கியின் எடை கூடினால் அது பின்னால் வரும் வேகம் குறையும். ஒரே 9 மி.மீ. தோட்டாவை 1.1 கிலோ துப்பாக்கியிலும் 700 கிராம் துப்பாக்கியிலும் சுட்டால், லேசானது கைக்குத் தரும் உதைப்பு ஆற்றல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கனமானதில் முனை அதிகம் எகிறாது, அடுத்த குறிக்குச் சீக்கிரம் திரும்பலாம்.

இன்னொன்று விசை. 1911-இல் சுத்தியல் முன்கூட்டியே இழுத்து நிறுத்தப்பட்டிருக்கும். விசை நேராகப் பின்னால் கொஞ்சம் நகர்ந்தால் போதும், அதை விடுவித்துவிடும். க்ளாக்கில் ஊசி பாதிதான் இழுபட்டிருக்கும், மீதியை உங்கள் விரல்தான் இழுக்க வேண்டும். அதனால் இழுப்பு நீளம், கொஞ்சம் கரகரப்பும் உண்டு. பதற்றத்தில் தவறி வெடிக்காமலிருக்க அந்த நீளம் உதவும் என்பார்கள். குறி பார்த்துச் சுடுகிறவர்களுக்கோ அதுதான் எரிச்சல்.

பழசு மேல் பாசம் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். தேய்ந்த நீலப் பூச்சு, மரப் பிடி, தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது என்கிற பேச்சு எல்லாம் உண்டு. ஆனால் பாசம் மட்டும்தான் காரணம் என்றால், 2016-இல் வந்த சிஇசட் ஷேடோ 2-ஐ என்ன சொல்வது? புதுத் துப்பாக்கி, முழு எஃகு, 1.3 கிலோவுக்கு மேல், போட்டிச் சுடுநர்களுக்காகவே செய்தது.

பாலிமர்க்காரர்களும் சும்மா இல்லை. சிக் சாவர் நிறுவனம் 2019-இல் பி320 வரிசையில் ஒரு போட்டி மாடல் விட்டது. அதன் பிடியில் பாலிமரோடு டங்ஸ்டன் கலந்திருக்கிறார்கள். கனம் வேண்டுமாம்!